நடுக்கம் தீர்த்தவர் ஊரில்

எங்கள் வீட்டில் அப்பாவைத் தொட்டு எழுப்பக் கூடாது. அம்மா போட்ட சட்டம் இது. கட்டிலுக்கு நாலடி தள்ளி, கால்மாட்டில் நின்று, "அப்பா... அப்பா..." என்று மெதுவாகக் கூப்பிட வேண்டும். அவர் கண்ணைத் திறந்து, நம்மைப் பார்த்து, "ம்" என்று சொன்ன பிறகுதான் கிட்டே போகலாம். காப்பி டம்ளரைக்கூட ஓசைப்படாமல் ஸ்டூலில் வைத்துவிட்டு, பின்னால் வந்து நின்றுதான் கூப்பிடுவோம். எல்லார் வீட்டிலும் இப்படித்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

ஏழு வயசில் ஒரு தடவை அதை மீறினேன். அப்பா வருஷ லீவில் வந்திருந்தார். முதல் ரேங்க் வாங்கிய கார்டைக் காட்டும் அவசரத்தில் ஓடிவந்து தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். அடுத்து எனக்கு நினைவிருப்பது முதுகில் பட்ட சிமென்ட் தரையின் சில்லிப்பும், கழுத்துக்குக் குறுக்கே இறங்கிய அப்பாவின் முன்கையும்தான். ஒரு நொடி இருந்திருக்கும். அதற்குள் அவருக்கு நான் யாரென்று தெரிந்துவிட்டது. கையை எடுத்துவிட்டு எழுந்து சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் கை நடுங்க ஆரம்பித்தது. அன்றைக்கு முழுக்க நிற்கவே இல்லை. மத்தியானம் ரசம் சாதத்தைக் கையில் எடுக்க முடியவில்லை. அம்மா பிசைந்து உருட்டி உள்ளங்கையில் வைத்தாள், குழந்தைக்குக் கொடுப்பது மாதிரி. யாரும் எதுவும் பேசவில்லை.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகிற சாலையில், திருபுவனத்துக்குத் தெற்கே உள்ளடங்கிய சின்ன ஊர் எங்களுடையது. அப்பா 1978-ல் பத்தொன்பது வயசில் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தார். வெலிங்டனில் பயிற்சி. 1987 அக்டோபரில் அமைதி காக்கும் படையோடு இலங்கைக்குப் போனார், 1989 நடுவில் திரும்பினார். 1996-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்று, கும்பகோணத்தில் ஒரு வங்கியில் துப்பாக்கிக் காவலராக வேலை பார்த்தார். நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். பதினெட்டு வருஷமாக ஊசி குத்தி, ரத்தம் எடுத்து, எண்களை எழுதிக் கொடுக்கிறேன். அப்பாவின் எண்களையும் நான்தான் எழுதினேன். அந்த எண்கள் எல்லாம் ஒரே கதையைச் சொல்கின்றன என்று புரிய எனக்கு ரொம்ப வருஷம் பிடித்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் பட்டாளத்துக்காரர் இருக்கிற யாராவது இதைப் படித்தால் அத்தனை வருஷம் பிடிக்க வேண்டாம் என்பதற்காக.

அப்பாவின் வைத்தியக் காகிதங்கள் ஒரு மஞ்சள் பையில் இருக்கும். 2000-ல், நாற்பத்தோரு வயசில், பி.பி. இருப்பது தெரிந்தது. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். 2004-ல் சர்க்கரை. அரிசிச் சோற்றைக் குறைக்கச் சொன்னார்கள். வயிற்றெரிச்சல் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் நினைவில்லை, சட்டைப்பையில் ஜெலுசில் மாத்திரை இல்லாத அப்பாவை நான் பார்த்ததே இல்லை. கடைவாய்ப் பற்கள் நாலும் உளியால் சீவியது போலத் தட்டையாகத் தேய்ந்திருந்தன. பல் டாக்டர் வெற்றிலைப் பழக்கம் என்று எழுதினார். அப்பா வெற்றிலை போடுவதில்லை, ராத்திரியில் பல்லை நறநறவென்று கடிப்பார். அடுத்த அறையில் படுத்திருக்கும் எனக்குக் கேட்கும். 2011 தை மாதம், சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, விடிகாலை நாலு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐம்பத்திரண்டு வயசு. தஞ்சாவூரில் ஸ்டென்ட் வைத்தார்கள். பீடிதான் காரணம் என்றார்கள்.

உப்பு, அரிசி, பீடி எல்லாமே உண்மைதான். யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தங்களிடம் வந்த துண்டைப் பார்த்தார்கள். அவர் தூங்குவதில்லை என்பதற்கும், ஓட்டலில் வாசலைப் பார்த்த நாற்காலி கிடைக்காவிட்டால் சாப்பிடாமலே எழுந்து வந்துவிடுவார் என்பதற்கும், சின்ன விஷயத்துக்கு வெடித்துவிட்டு மூன்று நாள் பேசாமல் இருப்பார் என்பதற்கும் எந்த ஃபைலிலும் இடம் இல்லை. அதற்கெல்லாம் நாங்கள் வைத்திருந்த பெயர் ஒன்றுதான்: "பட்டாளத்துக் கோவம்."

2017-ல் ஒரு சாயங்காலம். வாசல் திண்ணையில் அப்பா, சுவரில் முதுகைச் சாய்த்துத் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். அவர் கையில் பி.பி. மிஷின் பட்டையைச் சுற்றி அளவெடுத்தேன். 138-க்கு 86, நாடி 78. சரியாகத்தான் இருக்கிறதா என்று பார்க்க, ரெண்டு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை பொத்தானை அழுத்தினேன். பட்டை காற்றை நிரப்பிக்கொண்டிருக்கும்போது மேலத்தெரு முனையில் சாவு ஊர்வலம் திரும்பியது. பறைச் சத்தம், அதைத் தொடர்ந்து வெடி. நம் ஊரில் சாவுக்கு வெடி வைக்காமல் தூக்குவதில்லை. அப்பா அசையவில்லை. என்னைப் பார்த்து, சாதாரணக் குரலில், "அந்தத் தண்ணிக் குடத்த மூடி வை பாப்பா, தூசி விழும்" என்றார். நான் மிஷினைப் பார்த்தேன். 196-க்கு 112. நாடி 124.

மிஷின் பழுதோ என்று என் கையில் கட்டிப் பார்த்தேன். பழுதில்லை. ஊர்வலம் எங்கள் வீட்டைத் தாண்டி, சுடுகாட்டுப் பாதையில் இறங்கி, வெடிச் சத்தம் அடங்கி முக்கால் மணி நேரம் கழித்தும் அவர் அளவு 160-க்குக் கீழே வரவில்லை. அந்த முக்கால் மணி நேரமும் அப்பா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முகத்தை அடக்க முப்பது வருஷத்தில் பழகிக்கொண்டார். ரத்தக்குழாயை அடக்க யாராலும் பழக முடியாது.

அன்று ராத்திரி உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். தீபாவளி, கோயில் திருவிழா, கல்யாணம், சாவு, தேர்தல் வெற்றி. அதுபோக வயலில் எலிக்கு வைக்கும் வெடி. வருஷத்துக்கு எத்தனை தடவை? முப்பது வருஷத்தில் எத்தனை தடவை?

உடம்பின் கணக்கு எளிமையானது. ஆபத்து என்று மூளை முடிவு செய்த மாத்திரத்தில், சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் செய்தி போகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன. கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் இறக்குகிறது. அடிபட்டால் சீக்கிரம் உறைய வேண்டுமே என்று ரத்தத்தின் தன்மையே மாறுகிறது. வயிற்றுக்குப் போக வேண்டிய ரத்தம் கைகாலுக்குப் போகிறது. தாடை இறுகுகிறது. குண்டு பறக்கிற இடத்தில் இது உயிரைக் காப்பாற்றும். ஆபத்து போனதும் எல்லாம் பழையபடி இறங்க வேண்டும்.

வெள்ளம் வந்தால் மதகைத் தூக்குகிறோம், வடிந்ததும் இறக்குகிறோம். துருப்பிடித்துப் பாதியில் நின்றுபோன ஷட்டரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் ஒருநாளில் கரையை உடைக்காது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டே இருக்கும். பி.டி.எஸ்.டி. என்று சொல்கிறார்களே, பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் அந்த மன நெருக்கடி, உடம்புக்குச் செய்வது இதைத்தான். ஆரோக்கியமான ஆளுக்குத் தூக்கத்தில் ரத்த அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் வரை இறங்கும். இதயத்துக்குக் கிடைக்கிற தினசரி ஓய்வு அதுதான். கனவு கண்டு அலறி எழுகிறவருக்கு, எழுந்து உட்கார்ந்து தாழ்ப்பாளை ரெண்டு தடவை சரிபார்க்கிறவருக்கு, அந்த ஓய்வு கிடைப்பதில்லை.

கார்ட்டிசால் என்ற ஹார்மோன் இவர்களுக்கு எப்போதும் ஏறியே இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தால், பல ஆய்வுகளில் சராசரியைவிடக் குறைவாகவே இருந்திருக்கிறது. உடம்பில் அழற்சியை அடக்கி வைப்பது கார்ட்டிசாலின் வேலைகளில் ஒன்று. அந்த ஒழுங்கு குலைந்தால் சி.ஆர்.பி. போன்ற அழற்சி அளவுகள் கூடுகின்றன, ரத்தக்குழாயின் உள்சுவர் கெடுகிறது, இன்சுலின் சொன்னபடி வேலை செய்வதில்லை. இதற்குமேல் பீடியும் கேன்டீன் ரம்மும் சேர்கின்றன. இன்னொன்றும் சேர்கிறது, அதை யாரும் யோசிப்பதில்லை. வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும், இதயம் படபடக்கும். பயத்திலும் அப்படித்தான் படபடக்கும். இந்த ரெண்டு படபடப்புக்கும் உடம்புக்கு வித்தியாசம் தெரியாமல் போகிறபோது, மனிதர் நடப்பதையே விட்டுவிடுகிறார். டாக்டர் நடக்கச் சொன்னபோதெல்லாம் அப்பா தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டது சோம்பலால் என்று நான் சண்டை போட்டிருக்கிறேன்.

இந்த நோயை முதலில் பார்த்த மருத்துவர்களுக்கு மனசு கண்ணில் படவில்லை, இதயம்தான் பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர், படபடப்பு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்று வந்த சிப்பாய்கள் முன்னூறு பேரைப் பற்றி 1871-ல் எழுதினார். இதயத்தில் நோய் எதுவும் தென்படவில்லை, ஆனால் இதயம் சும்மாவும் இருக்கவில்லை. 'சிப்பாயின் இதயம்' என்றே அதற்குப் பெயர் வந்தது. முதல் உலகப் போரில் பீரங்கி அதிர்ச்சி என்றார்கள். வியட்நாம் போருக்குப் பிறகு, 1980-ல்தான் இன்றைய பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது. நூறு வருஷத்தில் இதயத்திலிருந்து தலைக்கு இடம் மாறிவிட்டது. அந்த இடமாற்றத்தில் ஏதோ ஒன்று தொலைந்துபோனது. மனநல மருத்துவர் இதயத்தைப் பார்ப்பதில்லை, இதய மருத்துவர் போரைப் பற்றிக் கேட்பதில்லை.

நம்மூரில் வீட்டுக்கு ஒருத்தருக்குச் சர்க்கரை இருக்கிறது, எல்லாம் பரம்பரை, இதில் போர் எங்கே வந்தது என்று என் கூட வேலை பார்க்கிறவரே கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இரட்டையர்களிடம் இருந்தது. வியட்நாம் காலத்தில் ராணுவத்தில் இருந்த இரட்டைச் சகோதரர்களை அமெரிக்காவில் ஒரு பதிவேட்டில் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து 281 ஜோடிகளைச் சுமார் 13 வருஷம் கழித்து மறுபடி பரிசோதித்து, 2013-ல் வெளியிட்டார்கள். பி.டி.எஸ்.டி. இருந்தவர்களில் 22.6 சதவீதம் பேருக்கு இதய ரத்தக்குழாய் நோய் வந்திருந்தது, இல்லாதவர்களில் 8.9 சதவீதம். சகோதரர்களில் ஒருவருக்கு மட்டும் பி.டி.எஸ்.டி. இருந்த ஜோடிகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரே வயிற்றில் ஒன்றாகக் கிடந்து, ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். அப்போதும் வித்தியாசம் நின்றது: 22.2-க்கு 12.8. பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டு என்பதை அந்த எண்களே ஒப்புக்கொள்கின்றன. மீதியை வேறு ஏதோ ஒன்று செய்திருக்கிறது.

அப்பாவுக்கும் ஒரு தம்பி உண்டு, இரட்டையர் இல்லை, மூன்று வயசு இளையவர். அதே சோறு, அதே குடமுருட்டித் தண்ணீர், பீடிகூட அதே பிராண்ட். சித்தப்பாவுக்கு அறுபது தாண்டிப் பி.பி. வந்தது, அவ்வளவுதான். ஒரு குடும்பத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ரெண்டு பேரும் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அண்ணனைப் பார்த்தால் பதினைந்து வயசு மூத்தவராகத் தெரிகிறது.

இலங்கையைப் பற்றி அப்பா பேச மாட்டார். 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தம், அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடங்கிய சண்டை, 1990 மார்ச்சில் இந்தியப் படையின் கடைசிக் கப்பல் என்பதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது. சுமார் 1,200 இந்திய வீரர்கள் அங்கே இறந்தார்கள். அந்தச் சண்டையில் செத்த யாழ்ப்பாணத்துச் சனங்களின் கணக்கு அதற்கு வெளியே கிடக்கிறது. போவதற்கு முன்பு அப்பா லீவில் வந்தால் ராத்திரி முழுக்க ட்ரான்சிஸ்டரில் இலங்கை வானொலிதான் என்று அம்மா சொல்வாள். நம் பக்கத்தில் திருச்சி வானொலிக்குச் சமமாகத் தெளிவாகக் கேட்கும். திரும்பி வந்த முதல் வாரம் அம்மா ஆசையாக அதை வைத்திருக்கிறாள். அறிவிப்பாளர் பேசத் தொடங்கியதும் அப்பா எழுந்துபோய் ட்ரான்சிஸ்டரைக் கிணற்றில் போட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

பஞ்சாப்காரருக்கும் கூர்க்காவுக்கும் அங்கே கேட்டது புரியாத பாஷை. அப்பாவுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம், அதுவும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் வரும்போது, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே: "ஒரு அம்மா, பெரியம்மா வயசு, 'சுடாதேங்கோ தம்பி'ன்னாங்க." அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. அந்த அம்மா பிழைத்தாரா, பிழைத்திருந்தால் அவர் உடம்பு என்னவெல்லாம் தாங்கியது, அவர் பிள்ளைகள் எந்தச் சத்தத்துக்கு நடுங்குகிறார்கள் என்று நினைக்காமல் என்னால் அப்பாவைப் பற்றி மட்டும் எழுத முடியவில்லை. 'மனவடு' என்ற சொல்லே யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்களின் எழுத்து வழியாகத்தான் எனக்குக் கிடைத்தது. தலைவலி, நெஞ்சுவலி, உடம்பு எரிச்சல் என்று வருகிறவர்களின் உடம்புக்குள் போர் இருப்பதை அவர்கள் அங்கே பல வருஷங்களுக்கு முன்பே பார்த்துவிட்டார்கள். என் அப்பாவின் நோய்க்குப் பெயர் அந்த மண்ணிலிருந்தே வந்தது.

திரும்பி வந்தவர்களை இங்கே யாரும் மாலை போட்டு அழைக்கவில்லை. 1990-ல் கடைசித் தொகுதி சென்னையில் இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அன்றைக்கு ஊரின் மனநிலையும் அதுதான், அதைத் தப்பென்று சொல்ல நான் வரவில்லை. எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவர் அப்பாவிடம், "நம்ம சனத்தையா சுட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டாராம். அன்றோடு அப்பா டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். பேரதிர்ச்சியில் மாட்டியவர்களில் எல்லாருக்கும் இந்த நோய் வருவதில்லை, பெரும்பாலோர் மீண்டுவிடுகிறார்கள். யார் மீள்வார், யார் மீள மாட்டார் என்று பார்க்கும் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு காரணம், பிறகு தாங்கிப் பிடிக்க ஆள் இருந்ததா என்பது. அப்பாவுக்கு நாங்கள் இருந்தோம். ஆனால் நாலடி தள்ளி நின்றோம்.

பட்டாளத்துக்குள்ளேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். அங்கே 'ஷேப்' என்று ஒரு மருத்துவ வகைப்பாடு உண்டு. ஐந்து எழுத்து, முதல் எழுத்தான எஸ் மனநிலைக்கு. ஐந்திலும் ஒன்று வாங்கினால்தான் 'ஷேப் ஒன்', முழுத் தகுதி. "எஸ்-ல கை வச்சிட்டா நாயக் ரேங்க்ல இருக்கிறவன் ஹவில்தார் ஆக மாட்டான்" என்பார் அப்பா. அதனால் ராத்திரி அலறுகிறவன் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு படுப்பானாம். அது யாரைப் பற்றிச் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

2019-ல்தான் ஒருவர் கேட்டார். தஞ்சாவூரில், சர்க்கரைக்குப் போன இடத்தில், ஒரு இளம் பெண் மருத்துவர். அதற்கு முன்பு முன்னாள் படைவீரர்களுக்கான ஒரு பாலிகிளினிக்குக்கு வருஷக்கணக்கில் போயிருக்கிறோம். அங்கே ஒவ்வொருவரும் பட்டாளத்துக்காரர்தான், ஆனாலும் சீட்டைப் பார்த்து மாத்திரை எழுதி அனுப்ப மூன்று நிமிஷத்துக்குமேல் ஆனதில்லை. இந்த மருத்துவர், மூன்று மாசச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் ஹெச்.பி.ஏ.ஒன்.சி. 9.1 என்று நான் எழுதிய தாளைப் பார்த்தார், பி.பி. பார்த்தார், பிறகு பேனாவை மூடி வைத்தார்.

"ஐயா, மிலிட்டரியா? சண்டைக்குப் போயிருக்கீங்களா?"

"எண்பத்தேழு அக்டோபர்லேர்ந்து எண்பத்தொன்பது ஜூன் வரைக்கும்."

"எப்படித் தூங்குறீங்க?"

"தூங்குறதில்ல மேடம். படுத்திருப்பேன்."

முப்பது வருஷம் பக்கத்து அறையில் படுத்திருந்த எனக்கு அந்தக் கேள்வி ஏன் தோன்றவில்லை என்று இன்றும் வலிக்கிறது.

செர்ட்ராலின் என்ற மனநல மாத்திரை தொடங்கினார்கள். உளவியலாளர் ஒருவரிடம் வாரம் ஒரு தடவை, பதினாலு வாரம். கண்ணை மூடிக்கொண்டு, அந்த நாளை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை, இப்போது நடக்கிற மாதிரியே சொல்ல வேண்டும். அதைச் செல்போனில் பதிவு செய்து தினமும் வீட்டில் கேட்க வேண்டும். பயந்து ஓடுகிற நினைவைத் திரும்பத் திரும்ப நேராகப் பார்த்து, அது இப்போது நடக்கவில்லை என்று உடம்புக்குக் கற்றுக்கொடுக்கிற முறை. அப்பா வயலில் பம்ப்செட் கொட்டகைக்குப் போய்விடுவார். காதில் இயர்போனை மாட்டி, மூட்டைமேல் உட்கார்ந்து, தன் குரலைத் தானே கேட்பார். முதல் மூன்று வாரம் நிலைமை இன்னும் மோசமானது. ரெண்டு தடவை அந்தப் பக்கமாகப் போன சித்தப்பா, கொட்டகையில் அண்ணன் அழுவதைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பி வந்திருக்கிறார். அம்மா குணசீலத்துக்கு வேண்டிக்கொண்டாள். அதையும் போய்ச் செய்துவிட்டு வந்தோம், டாக்டர் தடுக்கவில்லை.

அற்புதம் எதுவும் நடக்கவில்லை. ஸ்டென்ட் வைத்த இதயம் அப்படியேதான் இருக்கிறது, தேய்ந்த பல் வளரவில்லை. ஆனால் ராத்திரி நாலு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்குகிறார். பி.பி.க்கு மூன்று மாத்திரை ரெண்டானது. ரெண்டு வருஷத்தில் ஹெச்.பி.ஏ.ஒன்.சி. 7.6-க்கு இறங்கியது, சர்க்கரை மாத்திரையை மாற்றாமலே. அமெரிக்க முன்னாள் வீரர்களை வைத்துச் செய்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சையில் பி.டி.எஸ்.டி. அறிகுறிகள் நன்றாகக் குறைந்தவர்களுக்குப் புதிதாகச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, குறையாதவர்களைவிடக் கிட்டத்தட்ட பாதியாக இருந்தது. அதைப் படித்தபோது 2004-ஐ நினைத்தேன். அந்த வருஷம் யாராவது அவர் தூக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தால்?

ஆகவே, உங்கள் வீட்டில் பட்டாளத்துக்காரர் இருந்து, நாற்பதைத் தொட்டதுமே பி.பி.யும் சர்க்கரையும் சேர்ந்து வந்தால், டாக்டரிடம் போரைப் பற்றி நீங்களே சொல்லுங்கள், அவர் கேட்கக் காத்திருக்காதீர்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு பழைய கதை உண்டு. வரகுண பாண்டியன் குதிரையில் போகும்போது, அவனுக்குத் தெரியாமல், குளம்படியில் சிக்கி ஒரு பிராமணர் இறந்துபோனார். செத்தவரின் ஆவி பிரம்மஹத்தியாக ராஜாவைத் தொடர்ந்தது. திருவிடைமருதூருக்கு வந்து கிழக்கு வாசல் வழியாக உள்ளே நுழைந்தான். கோயிலுக்குள் வர முடியாத பிரம்மஹத்தி, திரும்பும்போது பிடித்துக்கொள்ளலாம் என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது. ராஜா வேறு வாசல் வழியாகப் போய்விட்டான். இன்றும் கிழக்கு வாசலில் அதற்குச் சிலை இருக்கிறது, எங்கள் பக்கத்து ஆட்கள் உள்ளே போன வழியாகத் திரும்ப மாட்டார்கள். சின்ன வயசில் கேட்ட கதை இதோடு முடிந்துவிடும்.

அப்பாவின் சிகிச்சைக்குப் பிறகுதான் மிச்சக் கதை எனக்கு உறைத்தது. பிரம்மஹத்தியை வாசலில் விட்டுவிட்டு வந்த பிறகும் ராஜாவுக்கு நடுக்கம் நிற்கவில்லை. துரத்தியது போய்விட்டது, உடம்புக்கு அது தெரியவில்லை. நடக்கிற தூரத்தில் இருக்கும் திருபுவனத்துக்கு வந்த பிறகுதான் நடுக்கம் நின்றது. அதனால் இங்கே சுவாமி பெயர் கம்பகரேசுவரர், நடுக்கம் தீர்த்த பெருமான். கோயிலைக் கட்டியவன் 3-ம் குலோத்துங்கன், மதுரையும் ஈழமும் கொண்டவன் என்று கல்வெட்டுகளில் பொறித்துக்கொண்ட சோழன். அத்தனை போர் நடத்தியவன் எதை நினைத்து இந்தப் பெயரில் ஒரு சாமிக்கு இவ்வளவு பெரிய கோயில் எடுத்தான் என்று பிராகாரத்தில் நடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். அப்பா பிரதோஷத்துக்குப் பிரதோஷம் வருகிறார். ஒருநாள் சந்நிதியில் நின்றவர், வலது கையை நீட்டி விரல்களைப் பார்த்துவிட்டு, மடக்கிக்கொண்டார்.

அத்தையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. அப்பாவின் ஒரே தங்கை, வேதாரண்யம் பக்கம் கட்டிக்கொடுத்தது. 1992-ல் தங்கை வீட்டுக்குப் போன அப்பா, ஒரே ராத்திரி தங்கிவிட்டு, விடிகிற முன்பே முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார். அதன் பிறகு போகவே இல்லை. அத்தை மகனுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடி காலியாக இருந்தது. சீரை அம்மா கையில் கொடுத்தனுப்பினார். வேறு யார் மடியிலோ வைத்துக் காது குத்தினார்கள். "அண்ணனுக்கு என் வீட்டு வாசப்படி கசக்குது" என்று அத்தை சொன்னது இருபத்தைந்து வருஷம் ரெண்டு வீட்டுக்கும் நடுவில் நின்றது. உளவியலாளரிடம்தான் காரணத்தைச் சொல்லியிருக்கிறார், பிறகு அம்மாவிடம். அத்தை வீட்டுக் கொல்லையில் ரெண்டு பனைமரம். ராத்திரிக் காற்றில் காய்ந்த ஓலை ஒன்றோடொன்று உரசுகிற சத்தம். யாழ்ப்பாணத்தில் எங்கே திரும்பினாலும் பனைதான்.

அம்மா போனில் அத்தையிடம் இதைச் சொன்னாள். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லையாம்.

இந்த வருஷம் மாசி மாதம் அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். திருத்துறைப்பூண்டி தாண்டியதும் ஜன்னல் பக்கத்திலிருந்து எழுந்து உள்பக்கமாக உட்கார்ந்துகொண்டார். அத்தை வாசலில் நின்றாள். ரெண்டு பேரும் அழவில்லை. "வாண்ணே" என்றாள், "ம்" என்றார். கொல்லைப்பக்கம் கைகால் கழுவப் போனவர், அண்ணாந்து பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். கஜா புயலில் தென்னை எல்லாம் விழுந்துவிட்டது, பனை ரெண்டும் நின்றுகொண்டிருந்தன. ரெண்டிலும் ஒரு காவோலை இல்லை. கீழே தொங்கிக்கொண்டிருந்த காய்ந்த மட்டை அத்தனையும் கழித்து, உச்சியில் பச்சைக் குருத்தோலை மட்டும் விட்டிருந்தார்கள்.

சாப்பிட உட்கார்ந்தோம். இறால் தொக்கு. ரெண்டாவது சோறு போடும் வரைக்கும் யாரும் பேசவில்லை.

"ஓலையக் கழிச்சிட்டியா?" என்றார் அப்பா, இலையைப் பார்த்தபடி.

"ஆமாண்ணே. நேத்துத்தான்."

"மரத்துக்கு எவ்வளவு கேட்டான்?"